தூண்டில் முடித்து வீடு திரும்பியதும் றீலின் ட்ராக்கைத் தளர்த்தி வைக்க வேண்டுமா?

நாயாற்றுக்கரை எழுதியது:

வணக்கம். தடியும் றீலும் கொண்டு மீன் பிடிப்பவர்கள் முல்லைத்தீவுப் பக்கத்தில் இப்போது ஓரளவு கூடியிருப்பதால், இந்தச் சந்தேகம் எனக்கு மட்டும் உரியதாக இருக்காது என்று எண்ணி இங்கே கேட்கிறேன்.

என்னிடம் இருப்பது முன்பக்கக் குமிழால் ட்ராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் உராய்வுத் தடையை, இறுக்கும் 4000 அளவு ஸ்பின்னிங் றீல். கனடாவிலுள்ள மாமா தாம் பாவித்ததை அனுப்பி வைத்தார். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் நாயாற்று முகத்துவாரத்தில் கொடுவாவுக்கும் பாரைக்கும் அதைக் கொண்டு போகிறேன். குளத்தில் தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் முத்தையன்கட்டில் விராலுக்கும் அதே றீல்தான். விரால் தாமரைக் கொடிக்குள் புகுந்துவிட்டால் பிறகு எடுக்க முடியாது என்பதால், அங்கே ட்ராக்கை ஏறத்தாழ முழுவதுமாகவே இறுக்கிவிடுகிறேன். வீட்டுக்கு வந்ததும் தடியைத் தாழ்வாரத்தில் தகரக் கூரையின் கீழ் மாட்டிவிடுவேன். மாரி முழுவதும் அது அங்கேயே தொங்கும்.

வவுனியாவில் தூண்டில் சாமான் விற்கும் ஒருவர், இறுக்கியபடி வைத்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் சோர்ந்துவிடும், ஆகவே ஒவ்வொரு நாளும் தளர்த்தியே வைக்க வேண்டும் என்று சொன்னார். என்னோடு வரும் நண்பரோ, தளர்த்தினால் அந்த இடைவெளியால் மணலும் உப்புத் தண்ணீரும் உள்ளே இறங்கும், இறுக்கி வைப்பதே றீலுக்குப் பாதுகாப்பு என்கிறார். இரண்டு பேரும் அனுபவசாலிகள். இரண்டு பேரும் அடித்துச் சொல்கிறார்கள். தளர்த்துவது சரியென்றால் எவ்வளவு தளர்த்த வேண்டும், கழுவுவதற்கு முன்பா பின்பா, மறுநாள் பழைய அளவுக்கு எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

குளக்கட்டு எழுதியது:

தம்பி, தளர்த்தித்தான் வைக்க வேண்டும். ஆனால் வவுனியாக்காரர் சொன்ன காரணம் சரியன்று. உங்கள் நண்பர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது.

முன்பக்கக் குமிழை முழுவதுமாகச் சுழற்றிக் கழற்றிப் பார்த்தால், ஸ்பூலின் (நூல் சுற்றியிருக்கும் உருளையின்) முகப்பில் ஒரு வட்டக் குழியும், அதற்குள் வளைந்த கம்பியொன்றால் தடுத்து வைக்கப்பட்ட வாசர் அடுக்கொன்றும் தெரியும். அந்த அடுக்கில் உலோக வாசரும் உராய்வு வாசரும் மாறி மாறி வரும். உலோக வாசர்களில் சிலவற்றுக்கு வெளிவிளிம்பில் காதுகள் இருக்கும். அவை ஸ்பூலைப் பற்றிக்கொண்டு அதோடு சேர்ந்து சுற்றும். மற்றவற்றின் நடுத்துளை வட்டமாக இல்லாமல் பக்கவாட்டில் தட்டையாக வெட்டப்பட்டிருக்கும். அவை தண்டைப் பற்றிக்கொண்டு அசையாமல் நிற்கும். மீன் இழுக்கும்போது, சுற்றும் தட்டுக்கும் சுற்றாத தட்டுக்கும் நடுவில் உராய்வு வாசர் வழுக்கிக் கொடுப்பதைத்தான் நாம் ட்ராக் என்கிறோம். குமிழை இறுக்குவது அந்த அடுக்கை நெருக்குவது மட்டுமே.

ஆகவே கேள்வி ஸ்பிரிங்கைப் பற்றியதன்று, நடுவில் நெருக்கப்பட்டுக் கிடக்கும் அந்த உராய்வு வாசர் எதனால் செய்யப்பட்டது என்பதைப் பற்றியது. விலை குறைந்தவற்றிலும் நடுத்தர விலையுள்ள பலவற்றிலும் இருப்பது கம்பளி நாரை அழுத்தி எண்ணெயிலோ கிறீஸிலோ ஊறவைத்த ஃபெல்ட் வாசர். அது மென்மையாக இருப்பதனால்தான் சிறிய இழுப்பிலும் வழவழவென்று நூலை விடுகிறது. அதே மென்மையால்தான் மாதக்கணக்கில் நெருக்கப்பட்டுக் கிடந்தால் தட்டையாகிப் பழைய தடிப்புக்கு மீளாமல் போகிறது. உள்ளே ஊறியிருந்த கிறீஸும் பிழிந்து வெளியேறிவிடும். காய்ந்து தட்டையான ஃபெல்ட் உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு கொடுவா திரும்பி ஓடும் அந்த முதல் நொடியில் ட்ராக் சற்றுத் தயங்கி, பின் சட்டென்று விடுபடும். லீடர் (முள்ளுக்கு முன்னால் கட்டும் துண்டு நூல்) அறுவதும் தூண்டில் முள் கிழித்துக்கொண்டு கழல்வதும் பெரும்பாலும் அந்தத் தயக்கத்திலேதான்.

டெப்லோன் வாசர் உள்ளவற்றுக்கும் இது பொருந்தும். அந்தப் பொருள் சாதாரண வெப்பத்திலேயே, தொடர்ந்து அழுத்தினால் மெல்ல மெல்லப் பக்கவாட்டில் வழிந்து மெலியும் இயல்புடையது. காபன் நார் வாசர் மட்டும் அப்படி எளிதில் அமுங்காது. பென் நிறுவனத்தின் எச்டி-100 (HT-100) எனப்படும் வாசர்கள் அந்த வகை. உங்கள் மாமாவின் றீலில் எது இருக்கிறது என்பதைக் குமிழைக் கழற்றி அடுக்கைப் பார்த்தால் கண்டுகொள்ளலாம்: ஃபெல்ட் தொட்டால் துணிபோல நாராக இருக்கும், காபன் கறுப்பாகவும் கடினமாகவும் நெய்த பாய் போன்ற வரியோடும் இருக்கும்.

எவ்வளவு தளர்த்துவது என்றால், நூலை இரு விரலால் மெல்ல இழுத்ததும் ஸ்பூல் தடையில்லாமல் சுற்றும் வரை. அதற்கு மேல் ஒரு சுற்றும் வேண்டாம். குமிழ் புரியில் கௌவிக்கொண்டே இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிரவல் பாதையால் வரும்போது அந்த அதிர்வில் குமிழ் தானாகக் கழன்று எங்கோ விழுந்துவிட்டால், அதற்கு மாற்றுக் குமிழ் இங்கே கிடைக்காது. இதனால்தான் நான் வழியில் தளர்த்துவதில்லை. வீட்டில் கழுவிய பின்பே தளர்த்துகிறேன்.

உங்கள் நண்பர் சரியாக இருக்கும் இடம் கழுவும் இடம். கடலுக்குப் போய் வந்தால், முதலில் குமிழைக் கையால் இறுக்கிவிட்டு, அதன்பின் நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவ வேண்டும். தளர்ந்த நிலையில் தண்ணீர் ஊற்றினால் வெளியே படிந்த உப்பும் மணலும் வாசர் அடுக்குக்குள் போகும் என்பது உண்மை. குழாயை நெருக்கிப் பிடித்து வேகமாக அடிப்பதும், வாளித் தண்ணீரில் முக்கி வைப்பதும் அதைவிடக் கெடுதல். கழுவி, துணியால் ஒற்றி, அதன் பிறகு தளர்த்தி, நிழலில் காற்றுப்படும்படி வையுங்கள். இறுக்கிக் கழுவித் தளர்த்திக் காயவைப்பது என்ற வரிசை மாறாமல் இருந்தால், நீங்கள் கேட்டவற்றில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

மன்னார்ப்பாரை எழுதியது:

குளக்கட்டு அண்ணா சொன்ன பொறிமுறையில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இதை ஏதோ நாள்தோறும் செய்தே தீர வேண்டிய கிரியை போல் ஆக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் பாவிப்பது காபன் வாசர் போட்ட றீல். தலைமன்னார்ப் பக்கம் போய் வந்து மறுநாள் மாலையும் போவதாக இருந்தால் ட்ராக்கைத் தொடுவதே இல்லை. ஓர் இரவு நெருக்கப்பட்டுக் கிடப்பதால் காபனுக்கு ஒன்றும் நேராது. நல்ல நிலையிலுள்ள ஃபெல்டுக்கும், நடுத்தர இறுக்கத்தில் இருந்தால், ஓர் இரவில் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. இதில் காலம்தான் முக்கியம். எங்கள் பக்கத்தில் சோளகம் பெயர்ந்து கடல் கலங்கும் மாதங்களிலும், உங்கள் பக்கத்தில் வாடை பெயரும் மாதங்களிலும் றீல் நெடுநாள் கிடக்கும். அப்போது இறுக்கி வைத்தால் காபனாக இருந்தாலும் நான் தவறென்றே சொல்வேன், ஏனெனில் கிறீஸ் கெட்டியாகி ஒட்டிக்கொள்வதற்குக் காபனென்றும் ஃபெல்டென்றும் பேதமில்லை.

தளர்த்துவதில் உள்ள ஆபத்தைப் பற்றி இன்னும் எவரும் எழுதவில்லை. தளர்த்தி வைத்ததை மறந்து கரையில் போய் முதல் எறிதலை வீசினால், வீச்சின் வேகத்தில் ஸ்பூல் வழுக்கி, விரலில் பிடித்திருக்கும் பின்னல் நூல் தோலை அறுத்துவிடும். வீச்சு தப்பினாலும், மீன் கடித்துத் தடியைச் சுண்டும்போது ஸ்பூல் சுற்றிக்கொண்டு போகுமே தவிர முள் ஏறாது. கொடுவாவின் மேல்தாடை எலும்பில் முள் ஏற்றுவதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பது அதைப் பிடித்தவர்களுக்குத் தெரியும். பெரிய மீன் முதல் எறிதலிலேயே அடிப்பது இந்த விளையாட்டில் வழமைதானே. எனவே தளர்த்தும் பழக்கத்தை எடுப்பவர், முள்ளோ போலி இரையோ கட்டி முடிச்சை இழுத்து இறுக்கும் அதே நேரத்தில் ட்ராக்கையும் இழுத்துப் பார்க்கும் பழக்கத்தைச் சேர்த்தே எடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இறுக்கியபடி விடுவதே மேல்.

விற்றராசு எழுதியது:

உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பித்தவன் என்ற முறையில், மேலே வந்த கருத்துகளில் சில இடங்களைச் சற்று இறுக்கிச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, ஸ்பிரிங். எஃகுச் சுருளொன்று தன் மீள்தன்மை எல்லைக்குள் அழுத்தப்பட்டிருக்கும்வரை, அது எத்தனை நாள் அப்படியே இருந்தாலும் ஏறத்தாழத் தன் பழைய நீளத்துக்கு மீளும். அதைக் களைப்படையச் செய்வது மீண்டும் மீண்டும் அழுத்தி விடுவதே தவிர, அழுத்தியபடி வைத்திருப்பது அன்று. மோட்டார் சைக்கிள் எஞ்சினின் வால்வு ஸ்பிரிங்குகள் வண்டி ஓடாமல் நிற்கும் காலமெல்லாம் ஓரளவு அழுத்தப்பட்டபடியே இருக்கின்றன. அதற்காக எவரும் எஞ்சினைக் கழற்றி வைப்பதில்லை. குமிழுக்குள் இருக்கும் ஸ்பிரிங் கெடுவது பெரும்பாலும் உப்பால், துருவால். ஆகவே கடைக்காரரின் முடிவு சரி, காரணம் பிழை. பரீட்சையில் அதற்குப் பாதிப் புள்ளிதான் போடுவேன்.

இரண்டாவது, குளக்கட்டு சொன்ன அந்தத் தயக்கம். ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்திருக்கும் இரு பரப்புகளை முதன்முதலில் அசைக்க வேண்டிய விசை, அசைந்த பின் தொடர்ந்து வழுக்கச் செய்ய வேண்டிய விசையிலும் கூடியது: முன்னையது நிலையியல் உராய்வு, பின்னையது இயக்கவியல் உராய்வு. நல்ல ட்ராக் என்பது இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகக் குறைவாக இருக்கும் ட்ராக். நெடுநாள் நெருக்கப்பட்டு, கிறீஸ் பிழிந்து, ஈரமும் உப்பும் காய்ந்து ஒட்டிய அடுக்கில் அந்த வேறுபாடு பெருத்துவிடுகிறது. இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். மீன்கடையில் பாவிக்கும் கொளுக்கித் தராசு போன்ற ஒரு விற்றராசை நூலின் நுனியில் கட்டி மெல்ல இழுங்கள். ஊசி முதலில் எங்கே ஏறி நிற்கிறது, ஸ்பூல் சுற்றத் தொடங்கியதும் எங்கே இறங்கி நிற்கிறது என்று பாருங்கள். உதாரணமாக, மூன்றரைக் கிலோ வரை ஏறி, பின் சட்டென்று இரண்டரைக்கு விழுமானால், நீங்கள் இரண்டரைக் கிலோவுக்கு ட்ராக் வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், உங்கள் முடிச்சோ மூன்றரையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் பழைய அளவுக்கு எப்படிக் கொண்டுவருவது என்ற கேள்விக்கும் இதே தராசுதான் விடை. குமிழை எத்தனை சுற்றுத் தளர்த்தினோம் என்று எண்ணி வைப்பது நம்பத் தகுந்த முறையன்று. வாசர் இளகுவதையும் கிறீஸின் நிலையையும் பொறுத்து அதே எண்ணிக்கை வேறு விசையைத் தரும். பொதுவாகக் கைக்கொள்ளும் அளவு, நூல் அறும் பலத்தின் நான்கிலொன்று முதல் மூன்றிலொன்று வரை. 20 இறாத்தல் நூல் ஏறத்தாழ 9 கிலோ தாங்கும். எனவே இரண்டேகால் முதல் மூன்று கிலோவுக்குள் ஊசி நிற்கும்படி குமிழை இறுக்க வேண்டும். றீலிலிருந்து நேராக இழுக்காமல், நூலைத் தடியின் வளையங்களுக்குள்ளால் விட்டு, தடி வளைந்திருக்கும் நிலையில் இழுத்து அளக்க வேண்டும், ஏனெனில் வளையங்களில் ஏற்படும் உராய்வும் மீன் உணரும் விசையோடு சேர்கிறது.

இறுக்கத்தை மிகைப்படுத்த வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ட்ராக் தருவது ஒரு முறுக்கம். அதை ஸ்பூலில் அப்போது எஞ்சியிருக்கும் நூற்சுற்றின் ஆரையால் வகுத்தால் வருவதே நூலிலுள்ள இழுவை. ஆரை 24 மில்லிமீற்றராக இருக்கும்போது மூன்று கிலோவாக இருந்த இழுவை, மீன் நூலை இழுத்துச் சென்று ஆரை 18 மில்லிமீற்றராகச் சுருங்கியதும், குமிழை எவரும் தொடாமலே நான்கு கிலோவாகிவிடும். நீருக்குள் கிடக்கும் நீண்ட நூலின் இழுவை அதற்கு மேல். விராலுக்காக முத்தையன்கட்டில் இறுக்கியதை அப்படியே நாயாற்றுக்குக் கொண்டு போனால் என்ன நேரும் என்பதைக் கேட்டவரே கணித்துக்கொள்ளலாம். வீட்டில் தளர்த்தி வைப்பவருக்கு இந்தத் தொல்லை வராது. அவர் எப்படியும் அளந்தே தொடங்க வேண்டியவர்.

நாயாற்றுக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. குமிழைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருப்பவை ஃபெல்ட் வாசர்கள்தான், மூன்று. மேலே இருந்தது இன்னும் ஈரப்பசையோடு சாம்பல் நிறத்தில் இருக்கிறது. அடியில் இருந்தவை காய்ந்து, ஓரம் மினுமினுப்பாகி, கடதாசி மட்டைபோல் விறைத்திருக்கின்றன. உலோக வாசர் ஒன்றின் விளிம்பில் பழுப்பு நிறத்தில் துருவும் பிடித்திருக்கிறது. பொதியில் வரும்போதே குமிழ் திருக முடியாத அளவுக்கு இறுகியிருந்தது என்பது இப்போது நினைவுக்கு வருகிறது. ஐயா சொன்னபடி தராசு கட்டி இழுத்தபோது ஊசி ஏறி விழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது.

இந்த வாசர்களை மீட்க முடியுமா? ட்ராக்குக்கென்று விற்கும் கிறீஸ் இங்கே கிடைப்பதாகத் தெரியவில்லை. தேங்காய் எண்ணெயோ தையல் மெசின் எண்ணெயோ போடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். இன்னொன்று, எங்கள் வீட்டுக் கிணறு கடலோரக் கிணறு, தண்ணீர் உவர். அதில் கழுவுவதால் பயனுண்டா?

கிறீஸ்கை எழுதியது:

கிளிநொச்சியில் எஞ்சின் திருத்தும் வேலை செய்கிறேன். றீல்களையும் தெரிந்தவர்கள் கொண்டுவந்தால் கழற்றிப் பூட்டிக் கொடுப்பதுண்டு. ஆகவே இந்தப் பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன்.

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். போட்ட அன்று வழவழப்பாக இருக்கும். நாட்படக் காறிப் பிசினாகி, எதைத் தவிர்ப்பதற்காகத் தளர்த்தி வைக்கிறோமோ அந்த ஒட்டலை அதுவே கொண்டுவரும். தையல் மெசின் எண்ணெய் கெடுதல் செய்யாது, ஆனால் மிக மெல்லியது. தகரக் கூரையின் கீழ் வெயில் காலத்தில் வழிந்து வெளியேறி ஸ்பூலில் உள்ள நூலில் ஊறிவிடும். துருநீக்கியாகத் தெளிக்கும் டின் எண்ணெயை வாசர்மேல் அடிப்பவர்களையும் கண்டிருக்கிறேன். அது உள்ளே இருக்கும் நல்ல கிறீஸையும் கரைத்துக்கொண்டு போய்விடும். சில்லுக்குப் போடும் கிறீஸும் இதற்குரியதன்று, ஏனெனில் அது உராய்வைக் குறைப்பதற்கென்றே செய்தது, நமக்கோ சீரான உராய்வு வேண்டும். டெப்லோன் கலந்த ட்ராக் கிறீஸ் சிறிய டப்பாவில் வரும். மாமா கனடாவில் இருக்கிறார் என்கிறீர்கள், அடுத்த பொதியில் ஒரு டப்பாவும், உங்கள் றீலின் மாதிரி இலக்கத்தைக் கொடுத்து ஒரு தொகுதி வாசரும் போட்டுவிடச் சொல்லுங்கள். றீலின் காலிலோ அடியிலோ அந்த இலக்கம் பொறித்திருக்கும். பல மாதிரிகளுக்கு அதே அளவில் காபன் வாசரும் தனியாக விற்கிறார்கள். மாற்றுவதாக இருந்தால் அதையே போடுங்கள், விராலுக்கு அவ்வளவு இறுக்குகிறவருக்கு ஃபெல்ட் தாக்குப்பிடிக்காது.

அதுவரைக்கும், மினுமினுப்பான ஃபெல்டை மீட்பது ஓரளவே முடியும். அடுக்கைக் கழற்றுவதற்கு முன் கைப்பேசியால் ஒரு படம் எடுத்துவிடுங்கள். கழற்றும் ஒவ்வொன்றையும் வரிசை மாறாமல், எந்த முகம் மேலே இருந்ததோ அதே முகம் மேலே இருக்கும்படி ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். காதுள்ள வாசரும் தட்டைத் துளை வாசரும் இடம் மாறினால் ட்ராக் பிடிக்கவே பிடிக்காது. தடுப்புக் கம்பியைக் குறட்டால் பிடுங்க வேண்டாம், மெல்லிய ஊசியால் ஒரு முனையைக் கிளப்பினால் வந்துவிடும், ஆனால் துள்ளிப் பறக்கும் என்பதால் மறு கையால் மூடிக்கொள்ளுங்கள். ஃபெல்டை இளஞ்சூட்டு நீரில் ஒரு சொட்டுச் சவர்க்காரத்தோடு அலசி, பிழியாமல் துணியில் ஒற்றி, முழுவதும் காயவிடுங்கள். சிறிது தடிப்பு மீளும். மெல்லிய மணற்கடதாசியால் மினுமினுப்பைத் தட்டிவிட்டு, கிறீஸ் கிடைத்ததும் விரலால் இரு பக்கமும் தேய்த்து ஊறவைத்து, மிகுதியைத் துடைத்துவிட வேண்டும். துருப்பிடித்த உலோக வாசரைக் கண்ணாடித் துண்டின்மேல் விரித்த மிக மெல்லிய மணற்கடதாசியில் வட்டமாகத் தேயுங்கள். கையில் பிடித்துத் தேய்த்தால் மட்டம் கெட்டுவிடும். மட்டம் கெட்ட வாசர் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை பிடித்து விடும்.

உவர்க் கிணற்றுத் தண்ணீர்: கடல் நீரை விடச் சிறந்தது என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. காய்ந்ததும் அதுவும் உப்பைத்தான் விட்டுப் போகும். றீலைக் கழுவ ஒரு போத்தல் தண்ணீர் போதும், வாளி தேவையில்லை. குடிக்கப் பிடித்து வைத்திருக்கும் தண்ணீரிலோ மழைத் தண்ணீரிலோ ஒரு போத்தலை ஒதுக்கி, மூடியில் சிறிய துளைகள் போட்டு மெல்லத் தெளித்தால் அதுவே தாராளம்.

கச்சான் காற்றுக் காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாட்களில் புழுதி உள்ளே போகும் என்ற பயத்தால் இறுக்கி வைப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். குமிழின் உட்புறம் ஒரு றப்பர் வளையம் இருக்கும் றீலென்றால், மேலே சொன்ன அளவுக்கு மட்டும் தளர்த்தினால் அந்த வளையம் பெரும்பாலும் குழியின் வாயைத் தொட்டுக்கொண்டேதான் நிற்கும். வளையம் இல்லாத றீலாக இருந்தால் பழைய மேசொன்றையோ துணிப்பையையோ றீலின்மேல் மாட்டிக் கட்டிவிடுங்கள். பொலித்தீன் பை கூடாது. உள்ளே ஈரம் நின்று வியர்க்கும். தாழ்வாரத்துத் தகரத்தின் கீழிருந்து எடுத்து, வீட்டுக்குள் வெயில் படாத சுவரில் மாட்டுவதும் நல்லது, ஏனெனில் கிறீஸ் இளகி வழிவது அந்தச் சூட்டால்தான்.

குளக்கட்டு எழுதியது:

கிறீஸ்கை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். விராலுக்கு ட்ராக்கை இறுக்குவது தேவைதான், அதில் தவறில்லை. தாமரைக்குள் நூல் விட்டுக் கொடுத்து விளையாட இடமில்லை. ஆனால் கைக்குப் போதுமான இறுக்கத்துக்கு மேல் குறட்டால் பிடித்துத் திருகுபவர்களை முத்தையன்கட்டிலும் வவுனிக்குளத்திலும் பார்க்கிறோம். அது வாசரை மட்டுமன்றித் தண்டின் புரியையும் தின்றுவிடும். கையால் இறுக்கியும் ஸ்பூல் வழுக்குகிறதென்றால் வாசர் முடிந்துவிட்டது என்று பொருள். அப்படி இறுக்கிப் பாவித்த நாளில் மட்டும், முன்பு சொன்னதுபோல் வீடு வரும்வரை காத்திராமல், குளக்கட்டிலிருந்து இறங்குவதற்கு முன்பே பாதியளவாவது தளர்த்திவிடுங்கள். மிகுதியை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

இரணைமடு வான்கதவு எழுதியது:

இந்தத் திரியைப் படித்துக்கொண்டு வந்தேன். என்னிடம் இருப்பது நட்சத்திர வடிவப் பிடியால் ட்ராக்கை இறுக்கும் பெயிட்காஸ்டர் (ஸ்பூல் தடிக்குக் குறுக்காக இருந்து சுற்றும் றீல்). ஆழ்கடலுக்குப் போகும் அண்ணரிடம் நெம்புகோலால் இயங்கும் பெரிய றீல் ஒன்றும் இருக்கிறது. அவற்றுக்கும் இதே முறைதானா?

கிறீஸ்கை எழுதியது:

கொள்கை ஒன்றுதான், இடம் வேறு. பெயிட்காஸ்டரில் வாசர் அடுக்கு ஸ்பூலில் இருப்பதில்லை, கைப்பிடிப் பக்கத்தில் பெரிய பற்சில்லுக்குள் இருக்கும். நட்சத்திரப் பிடியைப் பின்னோக்கிச் சுழற்றி, நூலை இழுத்ததும் ஸ்பூல் இலேசாகச் சுற்றும் நிலையில் விட்டால் போதும். பக்கத்தில் இருக்கும் சிறிய குமிழ் எறிதலைக் கட்டுப்படுத்துவது, ட்ராக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை, அதைத் தொட வேண்டாம். எப்போதாவது கழற்றினால், நட்சத்திரப் பிடியின் அடியில் இருக்கும் கிண்ணம் போல் வளைந்த இரண்டு ஸ்பிரிங் வாசர்களையும் எந்த முகம் எந்தப் பக்கம் இருந்ததோ அப்படியே பூட்டுங்கள். பெரும்பாலானவற்றில் அவற்றின் குழிந்த முகங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும், இரண்டையும் ஒரே பக்கமாக அடுக்கினால் இறுக்கம் படிப்படியாக ஏறாமல் திடீரென்று பிடிக்கும்.

அண்ணரின் நெம்புகோல் றீல் இன்னும் எளிது. நெம்புகோலை முழுவதுமாகப் பின்னே தள்ளி, ஸ்பூல் கட்டின்றிச் சுற்றும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டால் தட்டுகள் ஒன்றையொன்று விட்டுவிடும். நடுவில் உள்ள முன்னமைவுக் குமிழை அதற்காகத் திருக வேண்டியதில்லை. திருகினால் அடுத்த முறை கடலுக்குப் போகுமுன் தராசு வைத்து மறுபடி அளந்தே ஆக வேண்டும். வள்ளத்தில் போகும்போது நூலின் முனையில் ஈயம் தொங்கவிட்டபடி நெம்புகோலைத் தளர்த்தினால், அலையின் குலுக்கலில் நூல் அவிழ்ந்து ஸ்பூலில் சிக்குப்படும். முள்ளையும் ஈயத்தையும் கழற்றி, நூலின் நுனியை ஒரு றப்பர் பட்டியால் ஸ்பூலோடு கட்டிவிட்டுத் தளர்த்தச் சொல்லுங்கள்.